கூண்டுக்குள் இருக்கும் அமைதி

டிசம்பர் இரவுகளில் பெங்களூருவின் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஏதோ ஒரு மாடி வீட்டுப் பால்கனியில், பிளாஸ்டிக் டப்புக்குள் ஒரு நட்சத்திர ஆமை தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தூங்குகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். ஆமை தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெயிலிலிருந்தும் சூடான தரையிலிருந்தும்தான் வாங்கிக்கொள்கிறது. உடம்பு குளிர்ந்தால் குடலின் அசைவு மந்தமாகும். சாயங்காலம் போட்ட முட்டைக்கோஸ் வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளிக்கும். நோயெதிர்ப்பு குறையும், மூக்கில் நீர் கட்டும். ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. அதனால் மூக்கில் தொடங்கியது நுரையீரலுக்கு இறங்கினால் அங்கேயே தங்கிவிடும்.

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று கேட்டு வளர்ந்த நம் வீடுகளிலேயே இப்போது அதிர்ஷ்டம், வாஸ்து என்ற பெயரில் ஆமை வந்து சேர்கிறது. கிளிக்கூண்டு அதற்கு முன்பிருந்தே வாசலில் தொங்குகிறது. அண்மைக் காலத்தில் இகுவானா (பெரிய பல்லி), பால் பைத்தான் (ஆப்பிரிக்க மலைப்பாம்பு), சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் சிறு விலங்கு), ஆப்பிரிக்க சாம்பல் கிளி என்று வெளிநாட்டு உயிரினங்களும் பட்டியலில் சேர்ந்துள்ளன. இவற்றை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் கொடுமைக்காரர்கள் இல்லை, பாசமாகவே வளர்க்கிறார்கள். ஆனால் அந்த உயிரின் உடம்பு சொல்வது அவர்களுக்குப் புரிவதில்லை.

காரணம் எளிது. காட்டில் இரையாகும் வாய்ப்புள்ள எந்த உயிரும் தன் நோயை வெளியே காட்டாது. நொண்டும் பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். ஆகவே காய்ச்சலோ வலியோ இருந்தாலும் கிளி நிமிர்ந்து உட்காரும், தின்பது போல விதையை உடைத்துக் கீழே போடும். சிறகைச் சிலிர்த்து உப்பலாகக் கூண்டின் தரையில் உட்காரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதற்குள் நோய் பல வாரம் முற்றியிருக்கும். நாயின் வாலும் காதும் கண்ணும் நமக்குப் பழக்கப்பட்ட மொழி. ஆமையின் முகத்தில் வலி தெரிவதில்லை. அந்த வெறுமையைத்தான் நாம் அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

நாய் மனிதரோடு சேர்ந்து குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் மனிதரை அண்டி வாழ ஒத்துவந்தவையே பெருகின. சைபீரியாவில் 1959இல் மரபியல் அறிஞர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆய்வில் ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சிய நரிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். அப்படிக் கறாராகத் தேர்ந்த பிறகுதான் வாலாட்டும் நரிகள் பிறந்தன. வீட்டுக்கூண்டில் முட்டையிலிருந்து வெளிவந்த இகுவானாவுக்கோ, கைமேல் ஏறி உட்காரும் கிளிக்கோ இந்த வரலாறு இல்லை. அது மனிதருக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அதன் உடலும் தேவைகளும் அச்சங்களும் காட்டில் இருப்பதன் அச்சு அசல். பால் பைத்தானை மனிதர் தேர்ந்து பெருக்கியதும் நிறத்துக்காகத்தான். ‘ஸ்பைடர்’ என்று விற்கும் நிறவகைக்குத் தலை நடுங்கும் நரம்புக் கோளாறு கூடவே பிறக்கிறது. இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் திணறுகிற பாம்பு அது.

கிளியின் கதை

நம் வீடுகளில் மிக அதிகமாக இருப்பது பச்சைக்கிளிதான் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

சந்தைக்கு வரும் கிளிக்குஞ்சு மரப்பொந்திலிருந்து, இறகு முழுதாக முளைக்கும் முன்பே எடுக்கப்பட்டது. வாங்கியவர் அதற்குப் பாலில் ஊறிய ரொட்டியையோ பால்சோற்றையோ ஊட்டுவார். பறவை பாலூட்டி இல்லை, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அதன் குடலில் இல்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை புளித்து நிற்கும். குஞ்சுக்கு ஊட்டும் கூழ் 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி கூடினால் தீனிப்பை உள்ளேயே வெந்து புண்ணாகும். குறைந்தால் செரிமானம் நிற்கும். விரலால் தொட்டுப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) வைட்டமின் டியும் இல்லாமல் வளரும் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் அகன்று வளைந்துபோகும். அப்படி வளைந்தது பிறகு நேராவதில்லை.

பிழைத்து வளர்ந்த கிளிக்குச் சூரியகாந்தி விதையும் பச்சை மிளகாயும் வைப்பது வழக்கம். சூரியகாந்திப் பருப்பில் பாதியளவு கொழுப்பு. காட்டுக்கிளி ஒரு நாளில் பல கிலோமீட்டர் பறந்து கோவைப்பழம், அத்திப்பழம், பூவிதழ், தளிர், தானியம் என்று மாற்றி மாற்றித் தின்னும். கூண்டுக்கிளி பறக்காமல் கொழுப்பை மட்டும் தின்றால் ஈரல் கொழுத்துப் போகும், அலகு அளவுக்கு மீறி வளரும். விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் மென்தோல் தடித்து, கிருமி உள்ளே நுழைய வழிவிடும். கிளிக்கு அடிக்கடி ‘சளி பிடிக்கிறது’ என்று சொல்லும் வீடுகளில் பாதிக் காரணம் தீனிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையானது. உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதே திறமையால் நச்சையும் வேகமாக உறிஞ்சும். காலையில் சாம்பிராணி, மாலையில் ஊதுபத்தி, இரவில் கொசுவர்த்தி, பக்கத்தில் அடுப்பங்கரை. இதுதான் பெங்களூரு ஃப்ளாட்டில் கிளி சுவாசிக்கும் காற்று. நான்ஸ்டிக் தவாவை வெறுமையாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அதன் பூச்சு 280 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும். நமக்கு மணம்கூட சரியாகத் தெரியாத அந்தப் புகையில் அடுத்த அறைக் கிளி சில நிமிடங்களில் இறந்துவிடும். துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பிக்கூண்டை அலகால் கடித்துக்கொண்டே இருக்கும் கிளிக்கு உலோக நஞ்சு ஏறும்.

சிறகு வெட்டுவதை வலிக்காத, நகம் வெட்டுவது போன்ற வேலை என்று நினைக்கிறார்கள். பறக்கலாம் என்று எண்ணிக் குதிக்கும் கிளி கல்லாக விழுகிறது, மார்பெலும்பு தரையில் மோதுகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டுத் தோல் பிளந்து ஆறாத புண்ணாகும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். தாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்து இறகுகள் இல்லாததால் அது எளிதில் ஒடிந்து ரத்தம் வழியும். ஒரு பச்சைக்கிளியின் எடை ஏறத்தாழ 120 கிராம். அது பாதுகாப்பாக இழக்கக்கூடிய ரத்தம் ஒரு மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். கால் தேக்கரண்டிக்கும் குறைவு.

பிறகு தனிமை. நூற்றுக்கணக்கில் கூடி அடையும் பறவை ஒற்றையாக வைக்கப்பட்டால் வீட்டில் ஒருவரைத் துணையாக வரித்துக்கொள்கிறது. தின்றதை எக்கிக் கக்கி அவர் விரலில் வைப்பது நோயால் வரும் வாந்தி இல்லை, துணைக்கு ஊட்டும் காதல் சடங்கு. அவர் வேலைக்குப் போகிறார், துணை வரவில்லை, நாள் முழுவதும் கூண்டு. தலையை ஒரே தாளத்தில் ஆட்டுவது, கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருப்பது, கடைசியில் தன் மார்பிறகைத் தானே பிடுங்குவது. விருந்தாளிகள் கைதட்டும் ‘டான்ஸ்’ பல சமயம் இந்த முதல் கட்டம்தான். இறகு பிடுங்கும் பழக்கம் வேரூன்றியபின் கூண்டைப் பெரிதாக்கினாலும் பலவற்றில் நிற்பதில்லை. கிளி 25, 30 ஆண்டு வாழக்கூடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெயிலுக்கு மாற்று இல்லை

ஊர்வனவற்றில் நோயின் மூலம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிச்சம். சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும் யூவிபி கதிர் தோலில் பட்டால்தான் அவற்றின் உடலில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தீனியில் உள்ள சுண்ணாம்பு ரத்தத்தில் ஏறும். ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுகிறதே என்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும், சூடும் வெளிச்சமும் மட்டுமே உள்ளே வரும். யூவிபி பல்ப் வாங்கிப் போட்டவர்களும் இன்னொரு இடத்தில் தவறுகிறார்கள். அந்த பல்ப் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் போதிய கதிர் தருவதை நிறுத்திவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பல ஆண்டு எரியும். எரிகிறதே என்று மாற்றாமல் விடுவார்கள்.

ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்துச் சமன்செய்யும். இகுவானாவின் தாடை ரப்பர் போல வளையும். தொடை உருண்டு தடிக்கும், பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும், உண்மையில் அது எலும்பு கரைந்த இடத்தில் நிரம்பும் நார்த்திசு. விரல்கள் துடிக்கும். பிறகு ஏறவோ ஓடவோ வலுவிருக்காது. ‘முன்னாடி ரொம்ப முரட்டுத்தனம், இப்ப சாதுவாயிடுச்சு’ என்று மகிழும் கட்டம் இதுதான். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வதையும் சுகம் என்று நம்புகிறார்கள். ஓட வழியில்லாத இகுவானா தொல்லையை மறைக்கக் கண்ணை மூடும். கையளவில் வாங்கிய இந்தப் பல்லி வால் சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு வளரும், உச்சி வெயில் இடத்தில் 35 டிகிரி கேட்கும். ஓர் அறையையே அதற்கு ஒதுக்க வேண்டும்.

நட்சத்திர ஆமையில் இதே குறை வேறு வடிவில் தெரியும். காய்ந்த புல்வெளியிலும் முட்காட்டிலும் அருகம்புல்லும் பலவகைப் புல்லும் மேய்ந்து வாழும் உயிரி அது. வீட்டில் தக்காளி, வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், சில இடங்களில் சப்பாத்தியும் சோறும். நார்ச்சத்து போதாது. சுண்ணாம்பு பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டிய இடத்தில் தலைகீழாக இருக்கும். வயதுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்து ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாக எழும். அந்த மேடுபள்ளத்தை அழகு என்று சொல்லி விலையும் கூட்டுகிறார்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் கால் பரப்பி நடந்து மூட்டும் கெடும்.

விற்பனைக்கு வரும் ரெட் இயர்ட் ஸ்லைடர் என்ற நீராமை, நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சைக் குட்டி. கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும், காய்ந்த இறால் டப்பாவும் தருவார்கள். காய்ந்த இறால் மட்டும் தின்னும் குட்டிக்கு வைட்டமின் ஏ போதாமல் இமை வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது, பட்டினியில் சாகும். கண்ணில் ஏதோ தொற்று என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். உயிர் பிழைத்த பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஓட்டின் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போரின் கணக்கு. அப்படியானால் 400 லிட்டர், வடிகட்டி, உலர்ந்து வெயில் காய மேடை. தண்ணீரைவிட்டு முழுதாக ஏறிக் காய இடமில்லாத ஆமைக்கு ஓடு அழுகும். 400 லிட்டர் வைக்க இடமில்லாத வீட்டார் இருட்டியபின் வாளியில் எடுத்துப் போய் ஏரியில் விடுகிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி ஆமை அது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. வெயில் காயும் பாறையையும் இரையையும் நம் உள்ளூர் நீராமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். சால்மோனெல்லா கிருமியைச் சுமந்தபடியே நலமாகத் தோன்றும் என்பதால், 10 சென்டிமீட்டருக்குச் சிறிய ஆமைகளை விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1975லேயே தடைசெய்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் அளவு என்பதே காரணம்.

சுகர் கிளைடர் கூட்டமாக வாழும் இரவு விலங்கு. தனியாக, பகல் வெளிச்சத்தில், பழம் மட்டும் கொடுத்து வளர்த்தால் பின்னங்கால் விழுந்துவிடும், தன் வாலையும் தோலையும் தானே கடித்துப் புண்ணாக்கும். தேவாங்கும் இரவில் பூச்சி வேட்டையாடுவது. அதைப் பிடிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மாந்திரீக நம்பிக்கை இருக்கிறது, பகல் வெளிச்சமே அதற்கு வதை. குரங்குக் குட்டியோ நான்கைந்து வயதில் பருவம் எய்தியதும் வீட்டில் யார் பெரியவர் என்று பல்லால் தீர்மானிக்கப் பார்க்கும். அன்றிலிருந்து சங்கிலிதான். இடுப்பில் கட்டிய கயிறு வளர்ச்சியோடு சேர்ந்து சதைக்குள் புதைவது மீட்பு மையங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காயம்.

வீட்டுக்கு வருமுன்பே

2023 ஆகஸ்டில் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் 234 காட்டுயிர்கள் பிடிபட்டன. மலைப்பாம்பு, பச்சோந்தி, இகுவானா, ஆமை, முதலைக் குட்டிகள். அவற்றோடு ஒரு கங்காரு குட்டி உயிரற்றுக் கிடந்தது. அடுத்த மாதமே 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் உயிரோடும், 6 கபுச்சின் குரங்குகள் இறந்தும் கிடைத்தன. நட்சத்திர ஆமையின் பயணம் எதிர்த்திசையில். தென்னிந்தியக் காடுகளிலிருந்து பொறுக்கி, ஓட்டின் மேல் டேப் சுற்றி, கால் அசையாதபடி துணியில் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நாள்கணக்கில் தண்ணீர் இல்லாததால் சிறுநீரகத்தில் உப்பு படியும். பிடிபட்டு மீட்கப்பட்டபின் சில வாரங்கள் கழித்தும் இறப்பது இதனால்தான். வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது என்றால் வழியில் இறந்தவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நட்சத்திர ஆமை மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உரிய முதல் அட்டவணையில், பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில். மைனா, சில்லைக் குருவி உட்பட உள்ளூர்க் காட்டுப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பச்சையும் நீலமும் சாயம் பூசி ‘கலர் குருவி’ என்று விற்பவையும் அவற்றில் அடக்கம். கிளி ஜோசியக்காரரின் கிளிக்கும் விலக்கு கிடையாது. முதல் அட்டவணை விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ‘பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறோம்’ என்பது சட்டத்தில் பதிலாகாது.

வெளிநாட்டு இனங்களுக்கு நான்காம் அட்டவணை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினம் எதுவாயினும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பால் பைத்தான், இகுவானா, மக்காவ் கிளி, ஆப்பிரிக்க சாம்பல் கிளி எல்லாம் இதற்குள் வரும். சாம்பல் கிளி 2017 முதல் சைட்டிஸின் முதல் இணைப்பில், அதாவது காட்டிலிருந்து பிடித்துப் பன்னாட்டு வணிகம் செய்யக் கூடாதவற்றில் இருக்கிறது. நம் பார்வையில் பதிவு அவசியம், ஆனால் பதிவுச் சான்றிதழ் விலங்கின் நலத்துக்குச் சான்றாகாது. யூவிபி பல்ப் எப்போது மாற்றினீர்கள் என்று அது கேட்பதில்லை.

கையில் இருக்கிறதென்றால்

முதலில், திறந்துவிடாதீர்கள். சிறகு வெட்டிய கிளியை லால்பாக்கில் விட்டால் அன்று மாலைக்குள் காகமோ பருந்தோ தீர்த்துவிடும். நட்சத்திர ஆமைகள் வடமேற்கு இந்தியா, தென்னிந்தியா, இலங்கை என்று மூன்று தனித்தனிப் பகுதிகளில் வாழ்கின்றன. உங்கள் கையிலிருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்த பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் பிற விலங்குகளிடமிருந்து தொற்றிய கிருமியோடு அதைக் காட்டில் விட்டால் அங்குள்ளவற்றுக்கும் நோய் பரவும்.

கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணுக்கு அழைத்து ஒப்படைக்கலாம். கெங்கேரி அருகே பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் காட்டுயிர் மருத்துவமனை போன்ற மீட்பு மையங்கள் வழியாகவும் செய்யலாம். அழைக்கும்போது இனம், எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள், என்ன தின்றது, என்ன காயம் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தீனியை மறைத்தால் சிகிச்சை தவறும்.

வண்டி வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பேனா நுழையும் அளவு பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள், துளையைப் பெட்டிக்குள் விலங்கு இல்லாதபோதே போடுங்கள். அடியில் நூல் பிரியாத பருத்தித் துணி. டர்க்கி டவல் வேண்டாம், நகம் சிக்கும். கிளியை மெல்லிய துணியால் மூடித் தூக்குங்கள். மார்பை அழுத்தாதீர்கள், மார்புக்கூடு விரிந்தால்தான் அதற்கு மூச்சு. பெட்டியை மூடி இருட்டான, டிவி இல்லாத அறையில் வையுங்கள். பால், ரொட்டி, குளுக்கோஸ் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறப்பதால் ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். குளிர் நாளென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு போதும் என்றால் விலகி உட்கார மறுபக்கம் இருக்க வேண்டும்.

சட்டப்படி பதிவு செய்த வெளிநாட்டுப் பறவை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கருவியைப் பரிந்துரைப்போம்: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. தினமும் காலையில் எச்சமிட்டபின், தீனி வைக்குமுன் நிறுத்துக் குறித்து வையுங்கள். இறகின் உப்பல் எடை இழப்பை மறைத்துவிடும், தராசு மறைக்காது. வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், பறவை எவ்வளவு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றே பறவை மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் கொண்டுபோங்கள்.